பெயர், முகம், உடல்: ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் ஒரு கார் வடிவ வரலாறு

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், செங்கல்பட்டு வரையிலான சுமார் 30 கிலோமீட்டரில் இந்தியக் கார்த் தொழிலின் மூன்று காலங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பகுதியில் 1950களில் தொடங்கி 1980களின் இறுதி வரை கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இருந்தது. மறைமலைநகரில் 1990களின் பிற்பகுதியில் ஃபோர்டு ஆலை வந்தது. சிங்கபெருமாள்கோயிலைக் கடந்ததும் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலையும் மகேந்திராவின் ஆராய்ச்சி வளாகமும் உள்ளன. வண்டலூரில் மேற்கே திரும்பும் வாலாஜாபாத் சாலை, ரெனோ – நிசான் ஆலை இருக்கும் ஒரகடத்துக்கு இட்டுச் செல்கிறது.

இந்த ஆலைகளைப் பற்றி முதலீடு, வேலைவாய்ப்பு என்ற கணக்குகளில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே உருவான கார்களின் தோற்றத்தை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி அவ்வளவாக எழுப்பப்படவில்லை. ஒரு காரின் அடையாளம் மூன்று அடுக்குகளால் ஆனது. முதலாவது பெயர், அதாவது பானட்டிலும் டிக்கியிலும் பொறித்த சின்னம். இரண்டாவது முகம், அதாவது கிரில், விளக்குகள், பம்பர். மூன்றாவது உடல், அதாவது அடித்தளமும் தகடுகளும் அவற்றை அழுத்தி வார்க்கும் அச்சுகளும். இந்த மூன்றும் ஒரே கையில் இருக்கும்போதுதான் ஒரு கார்ப் பெயர் நிலைக்கிறது என்பதற்குத் தென்சென்னைப் புறநகரின் எழுபதாண்டு வரலாறு நல்ல சான்று.

கோவென்ட்ரியிலிருந்து வண்டலூருக்கு

காரின் தோற்றத்தைத் தனித் துறையாக வளர்த்த முன்னோடி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1927இல் ஹார்லி எர்ல் தலைமையில் அங்கே கலைக்கும் வண்ணத்துக்கும் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. களிமண்ணில் மாதிரி செய்து வடிவத்தைச் சீராக்கும் முறை அங்கேதான் வேரூன்றியது. ஆல்ஃபிரட் ஸ்லோனின் நிர்வாகத்தில், ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றிப் பழைய காரைப் பழசாகத் தோன்றவைப்பதே விற்பனையின் அடிப்படை உத்தியாயிற்று.

அந்த அலை சென்னைக்கு வந்தது இங்கிலாந்து வழியாக. 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே தொடங்கிய கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனம், சென்னையின் யூனியன் கம்பெனியோடு சேர்ந்து 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது. அதன் தொடக்ககாலக் கார் வேன்கார்டு. அதன் வடிவமைப்பாளர் வால்டர் பெல்குரோவ், லண்டனில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே நின்ற கார்களைப் பார்த்துப் படம் வரைந்தார் என்பது ஆங்கிலக் கார் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. உருண்ட பின்புறம், கூம்பிய முகப்பு என அமெரிக்கச் சாயல் அதில் அப்படியே தெரியும். ஆக, வண்டலூரில் பூட்டப்பட்ட முதல் காரின் தோற்றமே அமெரிக்கக் கார்களை ஓர் ஆங்கிலேயர் பார்த்து வரைந்தது. அன்றைய சென்னைக்கு அதில் இருந்த பங்கு பாகங்களைப் பூட்டுவது மட்டுமே.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949இல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியதும் அதே முறையில்தான். இந்தியாவிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேற வேண்டும் என்று 1953இல் இந்திய அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரிமியர், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும் கார் தயாரிப்பாளர்களாக நிலைத்தன.

இறக்குமதிக்கும் உற்பத்தி அளவுக்கும் கட்டுப்பாடு. காருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மக்கள். தோற்றத்தை மாற்றித்தான் விற்க வேண்டும் என்ற நெருக்கடி எவருக்கும் வரவில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடலோடு 1950களின் கடைசியில் வந்த அம்பாசிடர், மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று எண்ணை மாற்றியபோதெல்லாம் கிரில்லும் விளக்கும் மாறினவே தவிர உடல் மாறவில்லை. 2014இல் உற்பத்தி நிற்கும் வரை அதன் கோடுகள் 1950களின் கோடுகளே. ஃபியட் 1100, 1970களில் பத்மினி என்ற பெயரைப் பெற்றபோதும் தகடு அதேதான்.

ஹெரால்டும் கெசலும்

வண்டலூரின் கதை இங்கே சற்றே வேறு திசையில் திரும்புகிறது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமான இந்தக் காரை வரைந்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. கூர்மையான விளிம்புகள், பின்பக்கம் மெல்லிய துடுப்புகள், முன்னோக்கி ஒரே துண்டாகக் கவிழும் பானட் ஆகியவற்றோடு, அம்பாசிடரின் உருளைகளுக்கு நடுவே ஹெரால்டு மடிப்புக் கலையாத சட்டை போல நின்றது.

அழகைவிட முக்கியமானது அதன் கட்டுமானம். ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் கிடைக்காததால், பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய முறைக்குத் திரும்பியது. தனி சேசிஸ், அதன்மேல் சிறு சிறு பகுதிகளாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் உடல். இங்கிலாந்துக்கு அது வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு. வண்டலூருக்கோ அது பெரும் வாய்ப்பாக அமைந்தது. ஒற்றைக் கூடாகச் செய்த காரில் ஒரு கதவைச் சேர்க்க வேண்டுமானால் கூட்டின் வலிமையையே புதிதாகக் கணக்கிட வேண்டும். சேசிஸ் மேல் பூட்டிய காரில் உடலின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிவிடலாம்.

அந்த வாய்ப்பைச் சென்னைப் பொறியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். தாத்தா பாட்டியும் ஏறும் குடும்பக் காருக்கும், ஓட்டுநர் வைத்துக்கொண்டு முதலாளி பின்னிருக்கையில் அமரும் காருக்கும் அது ஒத்துவராது. 1960களின் கடைசியில் வந்த மார்க் 3 ஹெரால்டு நான்கு கதவுகளோடு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அப்படியொரு ஹெரால்டு விற்பனைக்கு வரவே இல்லை.

அடுத்த படி கெசல். 1972 முதல் 1977 வரை வந்த இந்தக் காரின் அடித்தளமும் 948 சி.சி. இயந்திரமும் ஹெரால்டு வழி வந்தவை. முகப்பும் பின்புறமும் இங்கேயே மாற்றியமைக்கப்பட்டன. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அச்சு அமைப்பு, நம் மேடுபள்ளச் சாலைகளிலும் முழுப் பாரம் ஏற்றும் பழக்கத்திலும் நல்ல பெயர் வாங்கவில்லை. அதை எடுத்துவிட்டு ஒரே துண்டான பின் அச்சு வைக்கப்பட்டது. கெசல் பேரழகான கார் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பெரிய எண்ணிக்கையில் விற்கவும் இல்லை. ஆனால் வெளிநாட்டுத் தாய் நிறுவனம் விலகிக்கொண்ட பிறகு, கையில் இருந்த அச்சுகளையும் இங்குள்ள சாலைகளின் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்நாட்டு ஆலை தன் காரின் முகத்தைத் தானே திருத்த முயன்றது. அந்த முயற்சிக்கு இந்திய வடிவமைப்பு வரலாற்றில் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. அது பெருந்தவறு.

இதே காலத்தில் பெயரும் ஒரு விசித்திரப் பயணம் செய்தது. கோவென்ட்ரி நிறுவனம் 1963இல் பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே கைவிட்டது. டீலக்ஸ் வகைகள் பெருகிய சந்தையில் அப்பெயர் மலிவு வகையைக் குறிப்பதாகிவிட்டது. அதன்பின் அங்கே எல்லாமே ட்ரையம்ஃப். தாய்நாட்டில் மறைந்த பெயர் வண்டலூரில் இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. சென்னைத் தெருவில் ஹெரால்டுக்கும் கெசலுக்கும் அது நம்மூர்ப் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

இரவல் உடலில் பழைய இயந்திரம்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் காத்திருப்போர் பட்டியலின் காலம் ஆட்டம் கண்டது. பழைய மூன்று நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே விடையைத் தேடின. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் வாக்ஸ்ஹால் உடலோடு கான்டெசாவைக் கொண்டுவந்தது. பிரிமியர் 1985இல் ஃபியட் 124 உடலில் நிசான் இயந்திரம் வைத்து 118என்.இ.யைக் கொண்டுவந்தது. 1977க்குப் பிறகு கார் செய்யாமல் வேன்களோடு காலந்தள்ளிய ஸ்டாண்டர்டு, 1985இல் ஸ்டாண்டர்டு 2000ஐ வெளியிட்டது.

மூன்றில் மிகத் துணிச்சலான தோற்றம் ஸ்டாண்டர்டு 2000க்குத்தான். அது ரோவர் எஸ்.டி.1இன் உடல். டேவிட் பாச்சே தலைமையில் வரையப்பட்டு 1976இல் வெளிவந்து, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான வடிவம். தாழ்ந்த மூக்கு, வழக்கமான கிரில் இல்லாத முகம், சரிந்திறங்கும் பின்புறம், ஐந்தாவது கதவு. ஃபெராரி டேட்டோனாவின் சாயலை அதில் காண்பார்கள். அப்படியொரு கார் ஜி.எஸ்.டி. சாலை ஆலையிலிருந்து வெளிவந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் நம்பமாட்டார்கள்.

சிக்கல் உடலுக்கு உள்ளே இருந்தது. பிரிட்டனில் அந்த உடலுக்குப் புகழ் சேர்த்தது 3.5 லிட்டர் வி8 இயந்திரம். இங்கே வைக்கப்பட்டது வேன்கார்டு காலத்து வழிவந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் இயந்திரம். நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து உயரம் கூட்டப்பட்டதில், தாழ்ந்து பாய்வதற்கென்று வரைந்த வடிவத்தின் நிலையே மாறிப்போனது. விலை அதிகம், வேகமோ எரிபொருள் சிக்கனமோ விலைக்கு ஈடுகொடுக்கவில்லை. தோற்றம் தந்த வாக்குறுதியை இயந்திரம் காப்பாற்றவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடப்பட்டது. தேங்கிக் கிடந்த ரோவர் பாகங்களைப் பின்னாளில் பிரிட்டிஷ் உதிரிபாக வணிகர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கெசலையும் ஸ்டாண்டர்டு 2000ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. கெசல் சுமாரான தோற்றமும் சொந்த முயற்சியும் கொண்ட கார். ஸ்டாண்டர்டு 2000 உயர்ந்த தோற்றம் கொண்ட இரவல் கார். இந்த முயற்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியெழுப்பி ஓர் ஓவியக்கூடமாக, ஒரு வடிவமைப்புக் குழுவாக வளர்க்கத் தேவையான பணமும் காலமும் போட்டியும் அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை.

மறைமலைநகர்: அவர்கள் பெயர், நம் கைகள்

1990களில் கதவுகள் திறந்தபோது ஃபோர்டு, மகேந்திராவோடு சேர்ந்து திரும்பி வந்தது. மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999இல் வெளிவந்த ஐகான், அந்த நிறுவனம் இந்தியச் சந்தையை மனத்தில் வைத்து உருவாக்கிய கார். ஐரோப்பாவின் ஃபியஸ்டா ஹேட்ச்பேக் அடித்தளத்தின்மேல், டிக்கி வைத்த செடான் உடல் புதிதாக வரையப்பட்டது. காருக்குப் பின்னால் தனியாக ஒரு பெட்டி இருந்தால்தான் அது முழுக் கார் என்ற அன்றைய இந்திய எண்ணம் அந்த உடலைத் தீர்மானித்தது. பின்னர் வேறு நாடுகளுக்கும் அது போனது.

2013இல் வந்த எக்கோஸ்போர்ட்டை வரைந்தது பிரேசிலின் கமசாரியில் இருந்த ஃபோர்டு குழு. உலகெங்கும் ஒரே முகம் என்பது அன்றைய ஃபோர்டின் கொள்கை; அகன்ற அறுகோண கிரில்லும் ஒடுங்கிய விளக்குகளும் எல்லாக் கண்டத்திலும் ஒன்றே. ஆனால் அந்தக் காரின் அளவை முடிவு செய்ததில் இந்திய வரிச் சட்டத்துக்கும் பங்குண்டு. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இயந்திரம் 1200 சி.சி.க்குள், டீசல் 1500 சி.சி.க்குள் இருந்தால் கலால் வரி குறைவு என்று 2006 நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் அறிவித்தார். அதன்பிறகு டிக்கி வெட்டப்பட்ட குட்டி செடான்களும், நிமிர்ந்து நிற்கும் குட்டி எஸ்.யு.வி.களும் பெருகின. நம் தெருக்களில் இன்று பின்புறம் சட்டென்று முடிந்துபோகும் இத்தனை கார்கள் நிற்பதற்கு அந்த வரி வரம்பே முதல் காரணம். வடிவத்தை ஓவியர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. வரி அதிகாரியின் அளவுகோலும் அதில் கோடு போடுகிறது.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியேறியது. அந்தக் காரை நேசித்தவர்கள் இங்கே ஏராளம். இருந்தும் பெயரும் முகமும் டெட்ராய்ட்டுக்குச் சொந்தம் என்பதால், முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டது. 2025இல் அந்த ஆலையில் இயந்திரங்கள் செய்ய ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. வேலை வருவது நல்லது. ஆனால் அது முகமோ பெயரோ சார்ந்த வேலை இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரகடம் இன்னொரு பாடம் சொல்கிறது. நிசான் 1980களில் கைவிட்ட டாட்சன் என்ற பெயரை 2014இல் தூசி தட்டி எடுத்து, கோ என்ற மலிவுக் காரில் பதித்தது. பழைய பெயரின் மதிப்புக்கு ஏற்ற உடல் அதில் இல்லை. அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2022இல் பெயர் மறுபடியும் மறைந்தது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் இதற்கு நேர் எதிர்த் திசையில் வளர்ந்தது. 1998இல் உயரமான சான்ட்ரோவோடு வந்தபோது அதற்கு இங்கே பழம்பெருமை எதுவும் கிடையாது. வேட்டி, புடவையோடு குனியாமல் ஏறி அமர முடிந்ததே அந்தக் காரின் பலம். 2011 வெர்னாவில் ஓடும் நீர்போன்ற வளைவுகளோடு புதிய பாணி வந்தபோது, மக்கள் அந்தத் தலைமுறையையே ஃப்ளூயிடிக் வெர்னா என்று அழைத்தார்கள். பழைய கார் விற்போர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வடிவத்தின் பெயரே காரின் பெயராக ஆனது வடிவமைப்புக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

செங்கல்பட்டு: முகத்துக்கான வழக்கு

மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் இரண்டு எதிர்முனைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 2007இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. ஆலை. 1933இல் 303 காரில் முதன்முதலாக வந்த சிறுநீரக வடிவ இரட்டை கிரில்லை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாகக் காத்துவரும் நிறுவனம் அது. அளவு மாறியிருக்கிறது, வளர்ந்திருக்கிறது, சில மின்சாரக் கார்களில் காற்று நுழையாமல் மூடப்பட்டும் இருக்கிறது; ஆனால் அந்த வடிவத்தை அவர்கள் விட்டதில்லை.

மற்றொன்று 2012இல் தொடங்கிய மகேந்திரா ரிசர்ச் வேலி. 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டியதில் தொடங்கியது மகேந்திராவின் பயணம். செங்குத்துப் பிளவுகள் கொண்ட அந்த முகம் எழுபது ஆண்டுகளாக அதோடு ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் ராக்ஸர் என்ற வண்டியை விற்றபோது ஜீப்பின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதன் தோற்றம் ஜீப்புக்கு உரிய வடிவ அடையாளத்தை மீறுகிறது என்று 2020இல் அமெரிக்காவின் பன்னாட்டு வணிக ஆணையம் முடிவு செய்தது. முகத்தை மாற்றிய பிறகே விற்பனையைத் தொடர முடிந்தது. பெயர் சொந்தம், உடல் சொந்தம், ஆனால் முகம் இன்னொருவருடையது என்ற நிலைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அடுத்த ஆண்டே, 2021இல், எக்ஸ்யூவி700 காரோடு எஸ்.யு.வி.களுக்கென்று இரட்டைச் சிகரம் போன்ற புதிய சின்னம் வந்தது. அந்தக் காரின் பொறியியல் பணி நடந்தது ரிசர்ச் வேலியில். பிரதாப் போஸ் வடிவமைப்புத் தலைமையை ஏற்றார். மும்பையிலும் இங்கிலாந்தின் பான்பரியிலும் மகேந்திராவின் வடிவமைப்புக் கூடங்கள் இயங்குகின்றன. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான பிஇ 6இ, எக்ஸ்இவி 9இ மின்சாரக் கார்களில் ரேடியேட்டருக்குக் காற்று விடும் பழைய கிரில் இல்லை. விளக்குக் கோடுகளே முகம். இம்முறை சிக்கல் பெயரில் வந்தது. 6இ என்பது தங்கள் அடையாளம் என்று இண்டிகோ விமான நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் செல்ல, கார் பிஇ 6 ஆனது.

இந்தக் கார்கள் உற்பத்தியாவது புனே அருகே சாக்கனில். வரைவது ஓரிடம், கணக்கிட்டுச் சோதிப்பது செங்கல்பட்டு, செய்வது வேறோரிடம். எங்கே இருந்தாலும் பெயரும் முகமும் உடலும் ஒரே பொறுப்பில் இருக்கின்றன. கெசலின் காலத்தில் வண்டலூருக்கு வாய்க்காதது இதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

ஸ்டாண்டர்டு ஆலை நின்ற நிலத்தில் இன்று அலுவலக வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. நான்கு கதவு ஹெரால்டும் கெசலும் சென்னையில் உருவானவை என்பதைச் சொல்ல அங்கே ஏதும் இல்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. அறக்கட்டளையினர் 2015இல் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைத் திறந்து, உலகக் கார்களின் பொறியியலை மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள். ஆசியாவின் டெட்ராய்ட் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் சென்னையில், தன் கார்களுக்கென்று அப்படியோர் இடம் வேண்டும். அதற்குத் தாம்பரம் – வண்டலூர்ப் பகுதியைவிடப் பொருத்தமான மண் இல்லை.

தமிழ்நாடு அரசும் தாம்பரம் மாநகராட்சியும் இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகளும் இதைச் சேர்ந்து செய்யலாம். ஸ்டாண்டர்டு ஆலையில் பணியாற்றியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் வரைபடங்கள், கையேடுகள், நினைவுகள் இருக்கும். அவற்றைத் திரட்டிப் பதிவு செய்வதற்கான காலம் குறுகிக்கொண்டே போகிறது. வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ ஹெரால்டு, கெசல், ஸ்டாண்டர்டு 2000 ஆகியவற்றின் கையேடோ விற்பனைத் தாளோ தகடோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரிக்கோ நூலகத்துக்கோ ஒரு நகலையாவது கொடுங்கள். அடுத்த தலைமுறை வடிவமைப்பாளர், தான் முதல் கோட்டிலிருந்து தொடங்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அது உதவும்.